பழத்துக்கு ஒரு கட்டம் முன்னால்

தெற்கே உட்கார்ந்திருப்பவருக்கு மூன்று காய் பழுத்தாயிற்று. நாலாவது காய் பழத்துக்கு ஒரே கட்டம் முன்னால் நிற்கிறது. தாயம் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. எதிரே வடக்கில் இருப்பவருக்கு இரண்டு பழம். அவருடைய ஒரு காய் பழுக்க இன்னும் மூன்று வேண்டும். இன்னொரு காய், தெற்கின் கடைசிக் காய்க்குச் சரியாக மூன்று கட்டம் பின்னால் நிற்கிறது. கட்டை வடக்கின் கையில். உருட்டுகிறார். மூன்று.

பழம் எடுப்பதா, வெட்டுவதா?

மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் என்று மதுரையைச் சுற்றி எந்தத் திண்ணையில் கேட்டாலும் இதற்குச் சண்டை வரும். கைக்கு எட்டியதை விடுவானேன், பழத்தை எடு என்பார்கள் ஒரு கட்சியினர். பெரும்பாலும் அவர்கள்தான் தோற்பார்கள்.

தாயத்தின் விதி ஊருக்கு ஊர் மாறும், சில சமயம் ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு மாறும். எனவே எந்த விதியை வைத்துப் பேசுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு ஐந்து கட்டம், நாலு பேர், ஆளுக்கு நாலு காய். பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் வெறுமை, மற்ற பக்கங்களில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளி. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. தாயம், அதாவது ஒன்று, போட்டால்தான் காய் இறங்கும். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு நான்குக்கும் மறு உருட்டு உண்டு, வெட்டினாலும் உண்டு. ஒரு வெட்டாவது போடாமல் உள்சுற்றுக்குள் நுழைய முடியாது. குறுக்குக்கோடு போட்ட கட்டத்தில் நிற்கும் காயைத் தொடக்கூடாது, ஆனால் உள்சுற்றில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. பழத்துக்குக் கணக்காக எண் விழ வேண்டும்.

இந்த ஆட்டத்தை அதிர்ஷ்டம் என்று ஒதுக்குவது நம் ஊர்ப் படித்தவர்களின் வழக்கம். சதுரங்கத்துக்குப் பயிற்சி மையம் தெருவுக்குத் தெரு இருக்கிறது. தாயத்தைச் சிவராத்திரிக்கும் வைகுண்ட ஏகாதசிக்கும் கண்விழிக்கப் பாட்டிமார் ஆடுவது என்று விட்டுவிட்டோம். கட்டை விழுவது அதிர்ஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விழுந்த எண்ணை எந்தக் காய்க்குக் கொடுப்பது, யாரை வெட்டுவது, யாரை விடுவது என்பதில் அதிர்ஷ்டத்துக்கு வேலையே இல்லை. அதுவும் நாலு பேர் ஆடும்போது ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதி முழுக்கப் பேச்சுவார்த்தைதான்.

கணக்கைப் பார்ப்போம். இரண்டு கட்டையும் சேர்ந்து விழும் விதம் 16. மூன்று விழ 4 வழி. இரண்டுக்கும் நாலுக்கும் 3 வழி. தாயத்துக்கும் ஐந்துக்கும் 2 வழி. ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஒரே வழி. அதாவது உங்கள் காய்க்கு மூன்று கட்டம் பின்னால் எதிரி நின்றால் அதுதான் இருப்பதிலேயே ஆபத்தான இடம். மறு உருட்டுகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், நூற்றுக்கு 27 தடவைக்கு மேல் வெட்டு விழும். ஆறு கட்டம் தள்ளி நின்றால் அது 10க்குள் இறங்கிவிடும். ஏழு கட்டம் தள்ளி நின்றால் 5 கூடத் தேறாது, ஏனென்றால் ஏழு ஒரே உருட்டில் விழவே விழாது. கூட்டிப் பெருக்கத் தெரியாத கிழவிகள் எதிரியின் காயை ஏழு எட்டு கட்டம் பின்னால் விட்டுத்தான் தங்கள் காயை நிறுத்துவார்கள். கேட்டால் 'அங்க நின்னாப் பயமில்ல' என்பார்கள்.

இப்போது தெற்கின் நிலைமை. பழத்துக்கு ஒரு கட்டம் முன்னால் நிற்பதால் வென்றுவிட்டதாக அவருக்கு நினைப்பு. கட்டை ஒரு முறை கைக்கு வரும்போது தாயம் விழும் வாய்ப்பு, ஐந்து, ஆறு, பன்னிரண்டின் மறு உருட்டுகளைச் சேர்த்தால், சரியாக ஆறில் ஒன்று. நாலு முறை கைக்கு வந்தும் தாயம் விழாமலே போவதற்கு வாய்ப்பு 48 சதவீதம். வாசலில் நின்றபடி பாதி ஆட்டம் காத்திருக்க வேண்டி வரலாம். அதற்குள் மற்ற மூவரும் மும்மூன்று, நன்னான்கு முறை உருட்டிவிடுவார்கள்.

வடக்கு பழத்தை எடுத்தால் என்ன ஆகும்? அவருக்கும் மூன்று பழம். ஆனால் மிச்சமிருக்கும் காய்க்கு எட்டு வேண்டும். ஒரே முறையில் எட்டு எட்டுவது நூற்றுக்கு ஐந்து. தெற்கோ ஒவ்வொரு முறையும் ஆறில் ஒரு வாய்ப்போடு வாசலிலேயே நிற்கிறார். வெட்டினால் கதை வேறு. தெற்கின் காய் வெளியே போய்விடும். மறுபடி இறங்கத் தாயம் வேண்டும், அதற்கே சராசரியாக ஆறு முறை ஆகும். பிறகு 24 கட்டம் நடக்க வேண்டும். ஒரு முறைக்குச் சராசரி ஆறு கட்டம் என்று வைத்தால் இன்னும் நாலு முறை. பத்து முறை பின்னுக்குத் தள்ளியாயிற்று. அதோடு வெட்டியதற்கு மறு உருட்டு. வெட்டிய காய்க்கு இப்போது ஐந்து போதும், மற்றதற்கு மூன்று. 16இல் 6 வழியில் அந்த நொடியே பழம். விட்டதாக நினைத்த பழம் பத்தில் நாலு தடவை அப்போதே திரும்பி வந்துவிடுகிறது.

ஆக வடக்கின் முடிவு சுலபம். கஷ்டம் கிழக்கில் இருப்பவருக்கு.

அதே நிலையில் கட்டை கிழக்கின் கையில் என்று வையுங்கள். அவருக்கு ஒரு பழம்தான். அவர் காய் ஒன்று தெற்கின் காய்க்கு இரண்டு கட்டம் பின்னால் நிற்கிறது. விழுந்தது இரண்டு. வெட்டினால் வடக்கு ஜெயிக்கப் போகிறார். விட்டால் தெற்கு. எப்படியானாலும் கிழக்கு ஜெயிப்பது குதிரைக்கொம்பு. ஆனால் யார் ஜெயிக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது அவர். இந்த இடத்தில்தான் திண்ணை கலகலக்கும். 'மதினி, அந்தக் காய விட்ருங்க, அடுத்த ஆட்டத்துல உங்க காயத் தொடவே மாட்டேன்' என்று தெற்கு கெஞ்சும். 'அவ பேச்ச நம்பாதீங்கத்தே, போன சிவராத்திரிக்கு இப்படித்தான் சொன்னா' என்று வடக்கு ஏற்றிவிடும். பழைய வெட்டுகள், பேசாமல் இருந்த மாதங்கள், கல்யாணத்தில் பந்திக்குக் கூப்பிடாதது, எல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும்.

என் தீர்ப்பு: கிழக்கு வெட்ட வேண்டும். யார் மேல் கோபம் என்பதற்காக அல்ல. பின்தங்கியவருக்கு இருக்கும் ஒரே சொத்து நேரம். ஆட்டம் நீண்டால்தான் அவருக்கு ஒரு பன்னிரண்டு, அதன் மேல் ஒரு ஆறு என்று விழ வழி உண்டு. முந்தி நிற்பவரை வெட்டாமல் விட்டால் தன் வாய்ப்பையும் சேர்த்துத்தான் தாரை வார்க்கிறார். இன்னொன்றும் உண்டு. திண்ணையில் யாரும் ஒரே ஆட்டத்தோடு எழுந்து போவதில்லை. ஒரு ராத்திரிக்கு ஐந்தாறு ஆட்டம் நடக்கும். உறவுக்காகக் கை தளர்ந்தவர் என்று ஒரு முறை பெயர் எடுத்தால், அடுத்த ஆட்டத்தில் இருந்து எல்லோரும் அவரிடம்தான் கெஞ்சுவார்கள். முந்தியவர் யாரானாலும் வெட்டுவார் என்று தெரிந்தவரிடம் பேரம் பேச யாரும் மெனக்கெட மாட்டார்கள். அவருக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி!

பேச்சே ஆட்டமாக இருக்கும் பலகை ஆட்டங்கள் மேல்நாட்டிலும் உண்டு. அமெரிக்கரான ஆலன் கால்ஹாமர் உருவாக்கி 1959இல் வெளியிட்ட 'டிப்ளமசி'யில் பகடையே கிடையாது. ஐரோப்பாவின் ஏழு வல்லரசுகளாக ஏழு பேர் உட்கார்ந்து, தனித்தனியே போய் ரகசியம் பேசி, கூட்டணி சேர்ந்து, முதுகில் குத்துவார்கள். அதில் கடைசிவரை தாக்குப்பிடித்தவர்கள் ஒப்புக்கொண்டால் சமன் என்று எழுந்துவிடலாம். தாயத்தில் சமன் கிடையாது, ரகசியமும் கிடையாது. நாலு பேருக்கும் கேட்கும்படி, எதிரி முகத்தைப் பார்த்துக்கொண்டே பேரம் பேச வேண்டும். எது கஷ்டம் என்று கேட்டால் நான் தாயத்தைத்தான் சொல்வேன்.

பேரத்துக்கு இன்னொரு காரணம், ஒரு வெட்டு இல்லாமல் உள்ளே நுழையக்கூடாது என்ற அந்த விதி. யார் வம்புக்கும் போகாமல் சுற்றிவர நினைப்பவரைக்கூட அது சண்டைக்கு இழுக்கிறது. நாலு காயும் வெளிச்சுற்றை முடித்துவிட்டு, வெட்டு கிடைக்காமல் வாசலில் தவிப்பவரை நீங்கள் பார்த்திருக்கலாம். அப்போது வெட்டு ஒரு சரக்காகிவிடுகிறது. இப்போதுதான் இறங்கிய என் காய் உங்களுக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறது. அதை வெட்டிக்கொள்ளுங்கள், பதிலுக்கு உள்ளே இருக்கும் என் காயை விட்டுவிடுங்கள். கொடுப்பவருக்கு நஷ்டம் நாலைந்து கட்டமும் மறுபடி இறங்க ஒரு தாயமும்தான். வாங்குபவருக்கு ஆட்டமே திறக்கிறது. நன்றாக ஆடுபவர்கள் இந்தப் பேரத்தை முதலில் இருப்பவரோடு வைத்துக்கொள்வதில்லை. மூன்றாவது இடத்தில் இருப்பவருக்கு வெட்டைக் கொடுத்து, அவரை உள்ளே அனுப்பி, முதலாமவர் பின்னால் ஓடவிடுவார்கள்.

இதெல்லாம் நேற்று வந்த ஆட்டம் அல்ல. மதுரைக்குத் தென்கிழக்கே வைகைக் கரையில் உள்ள கீழடியில் சுடுமண் ஆட்டக்காய்களும் யானைத் தந்தத்தில் செய்த பகடைகளும் கிடைத்திருக்கின்றன. முதலில் கிடைத்தவை கனசதுரம். 2022இல் எட்டாம் கட்ட அகழாய்வில் கிடைத்தது செவ்வக வடிவம், நம் தாயக்கட்டைக்கு நெருங்கிய உருவம். அதை வைத்து என்ன விதியில் ஆடினார்கள் என்பதை மண் சொல்லாது. ஆனாலும் நாலு பேர் சுற்றி உட்கார்ந்தால் அன்றும் யாரோ ஒருவர் 'அதை விட்டுரு' என்று சொல்லியிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஜோடி ஆட்டத்துக்கு வருவோம். எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் ஒரு கட்சி. இரண்டு பேரின் எட்டுக் காயும் பழுத்தால்தான் வெற்றி. முதலில் காட்டிய நிலையில் தெற்கும் வடக்கும் ஜோடி என்றால் வெட்டுக் கேள்வியே எழாது. வடக்கு தயங்காமல் பழத்தை எடுக்கலாம். சிக்கல் தெற்குக்குத்தான். அவர் தாயம் போட்டுப் பழுத்துவிட்டால் பிறகு என்ன?

சில வீடுகளில், முடித்தவர் உருட்டிக்கொண்டே இருப்பார், விழுவது ஜோடியின் காய்களுக்குப் போகும். அங்கே சீக்கிரம் முடிப்பது நல்லது. இரண்டு பேரின் உருட்டும் மிச்சமிருக்கும் காய்களுக்கே வந்து சேரும். வேறு சில வீடுகளில், முடித்தவர் எழுந்து காபி போடப் போய்விட வேண்டியதுதான். அங்கே சீக்கிரம் முடிப்பதைப் போல முட்டாள்தனம் கிடையாது. எதிர்க்கட்சி இரண்டு முறை உருட்டும்போது உங்கள் ஜோடி ஒரு முறைதான் உருட்டுவார். அவர் காயைத் துரத்த இரண்டு பேர், எதிரி காயைத் தடுக்க யாரும் இல்லை. இந்த விதியில் கெட்டிக்காரர்கள் கடைசிக் காயை உள்ளே கொண்டுபோகாமல் வெளிச்சுற்றிலேயே காவலுக்கு வைத்திருப்பார்கள். வட இந்தியாவின் பச்சீசியிலும் இதே யோசனை உண்டு. பழுக்க வேண்டிய காயைப் பழுக்கவிடாமல் இன்னொரு சுற்று சுற்றவிட்டு ஜோடிக்குத் துணை நிற்கலாம். அக்பர் காலத்து ஃபதேபூர் சிக்ரி முற்றத்தில் அந்தக் கட்டத்தைக் கல்லிலேயே போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஜோடிகள் ஆட்டத்தின் நடுவே பேசலாமா? 'அந்தக் காய நகட்டாத, பின்னால மூணுல நிக்கிறா' என்று சொல்லலாமா? பலர் கூடாது என்பார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. குழுவாக ஆடும்போது எவ்வளவு பேச்சு அனுமதி என்பது பெரிய கேள்வி. 2022இல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடில் அணித் தலைவருக்கு இருந்த உரிமை ரொம்பச் சின்னது. சமன் கேட்கலாம், சமனுக்குச் சம்மதிக்கலாம் என்ற அளவுக்கு மட்டும் ஆட்டக்காரரிடம் சொல்லலாம். நிலையைப் பற்றி ஒரு வார்த்தை கூடாது. ஆகஸ்ட் 8 அன்று பத்தாம் சுற்றில் ஆர்.பி. ரமேஷ் வழிநடத்திய இந்திய 'பி' அணி உஸ்பெகிஸ்தானோடு மோதியது. 16 வயது குகேஷ் வெல்லும் நிலையில் இருந்து அப்துசத்தாரோவிடம் தோற்றார். பிரக்ஞானந்தா சிந்தாரோவை வென்றதால் ஆட்டம் 2-2. முடிவில் உஸ்பெகிஸ்தானுக்குத் தங்கம், நம் பையன்களுக்கு வெண்கலம். ஜெயிக்கிற பலகையில் இருப்பவரைப் போய் யார் சமன் கேட்கச் சொல்வார்கள்? அந்தச் சின்ன உரிமை அன்று எதற்கும் உதவியிருக்காது. சதுரங்கத்தில் ஒவ்வொரு பலகையும் தனித் தீவு என்பதால் அந்தக் கட்டுப்பாடு பொருந்தும். தாயத்தில் நாலு பேரின் காயும் ஒரே கட்டத்தில் நடக்கும்போது வாயைக் கட்டினால் ஆட்டத்தில் பாதி போய்விடும்.

பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அதே நாட்களில் ஊர்ப் பொங்கல் விளையாட்டு விழாக்களில் பெண்களுக்குக் கோலப் போட்டியும் மியூசிக்கல் சேரும்தான். ஒரு ஜோடித் தாயப் போட்டி வைத்தால் என்ன? செலவு இரண்டு கட்டையும் ஒரு சாக்பீசும். வைப்பவர்கள் முதல் உருட்டுக்கு முன்பே மூன்று விஷயத்தை உரக்கச் சொல்லிவிட வேண்டும். முடித்தவர் உருட்டலாமா? ஜோடிகள் பேசலாமா? ஒருவர் போட்ட வெட்டு, உள்ளே நுழைய ஜோடிக்கும் செல்லுமா? முதல் இரண்டும் எப்படி இருந்தாலும் ஆடிவிடலாம். மூன்றாவது செல்லும் என்று சொல்லிவிட்டால் வெட்டுக்காகப் பேரம் பேசும் அவசியம் பாதியாகக் குறைந்து, ஆட்டம் வெறும் ஓட்டப் பந்தயமாகிவிடும். செல்லாது என்று சொல்ல வேண்டும், தகராறு வந்தாலும் பரவாயில்லை.