ஒரே லைன், நாலு வகை ஆள்

சென்னை மேற்குப் புறநகரின் தொழிற்சங்க மரபில் இரண்டு பள்ளிகள் உண்டு. ஒன்று ஆவடியின் படைத்தளவாடத் தொழிற்சாலைகளில் வளர்ந்தது. மற்றது அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில். இரண்டுக்கும் தாய்வீடு வடசென்னை. அங்கே, பின்னி ஆலைத் தொழிலாளர்களிடையே, 1918 ஏப்ரலில் பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1920-ல் பின்னி நிர்வாகம் வாடியா மீது வழக்குப் போட, உயர் நீதிமன்றம் தடையாணை தந்தது. அந்த அடிதான் 1926-ன் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிவிட்டது. ஆனால் 1921 போராட்டத்தில் சாதி குறுக்கே புகுந்து, ஒரே ஆலைத் தொழிலாளர்களைப் புளியந்தோப்பில் மோதவிட்டது.

வேலை பிரியப் பிரிய மனிதர்கள் ஒருவரையொருவர் சார்ந்து நெருங்குவார்கள், தண்டிக்கும் சட்டம் குறைந்து ஈடுசெய்யும் சட்டம் பெருகும் என்று 1893-ல் எழுதினார் பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கைம். அம்பத்தூரில் ஒரு ஷாஃப்டின் பின்னால் போய்ப் பாருங்கள். கடைசல் ஒரு பட்டறையில், கிரைண்டிங் அடுத்த தெருவில், ஹீட் ட்ரீட்மென்ட் வேறிடத்தில். நடுவில் ஒருவர் கைவிட்டாலும் பெரிய கம்பெனியின் லைன் நின்றுவிடும். ஆனால் அவர்களுக்குள் முகப்பழக்கம்கூடக் கிடையாது. டெலிவரி சலான் ஒன்றே உறவு. மின்சாரத்தில் ஓடும் பட்டறையில் பத்துப் பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலை என்று 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் கோடு போட்டது. முதலாளிகள் ஒன்பதோடு நிறுத்திக்கொள்ள அதுவே வசதியாயிற்று.

24 மாதத்தில் 480 நாள் உழைத்தவரை நிரந்தரமாக்க 1981-ல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. அருமையான சட்டம். அந்த எண்ணை எட்டுமுன் 'பிரேக்' கொடுத்து அனுப்பும் வழக்கமும் கூடவே வந்தது. இன்று ஒரே லைனில் பர்மனென்ட், கான்ட்ராக்ட், டிரெய்னி, அப்ரண்டிஸ்.

ஆவடி கதை வேறு. சோஷலிச பாணிச் சமுதாயம் என்று 1955-ல் காங்கிரஸ் தீர்மானம் போட்ட ஊர் அது. பத்தாண்டில் அங்கே விஜயந்தா டாங்க் உருவானது. அரசு வேலை, சீனியாரிட்டி, உறுதியான சங்கங்கள். 2021-ல் தொழிற்சாலைகள் அரசு கம்பெனிகளாக மாற்றப்பட்டபோது, வேலைநிறுத்தம் செய்தால் சிறை என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது. ஓராண்டுக்கான சட்டம்தான். இருந்தாலும், துர்கைம் சொன்னதற்கு மாறாக, நுட்பமான வேலைப்பிரிவினை உள்ள இடத்தில் தண்டனைச் சட்டம் திரும்பி வந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

சங்கத்தை எடைபோட என்னிடம் ஓர் அளவுகோல் உண்டு: கான்ட்ராக்ட் தொழிலாளி அதில் உறுப்பினராகலாமா? 1926-ன் சட்டம் அதைத் தடுக்கவில்லை. பல சங்கங்களின் வழக்கம் தடுத்தது. தொழில் தகராறுச் சட்டத்தின் 12(3) பிரிவில் சமரச ஒப்பந்தம் போட்டுப் பர்மனென்ட் தொழிலாளிக்கு உயர்வு வாங்கித் தந்த சங்கங்களை மனதார மதிக்கிறேன். பக்கத்தில் நின்று அதே போல்ட்டை முடுக்குகிறவரின் சம்பளமும் அடுத்த கோரிக்கைப் பட்டியலில், முதல் பக்கத்திலேயே வரவேண்டும்.