வால்வு விழுமுன் செய்ய வேண்டியது

ஹோண்டா 1999-இல் கொண்டுவந்த எஸ்2000 காரின் உயிர் அதன் எஃப்20சி எஞ்சின். நான்கு சிலிண்டர், 1,997 சி.சி., டர்போ கிடையாது. ஆனாலும் ஜப்பானிய மாடலில் 250 குதிரைத்திறன் தந்தது. டேக்கோமீட்டரின் சிவப்புக் கோடு நிமிடத்துக்கு 9,000 சுற்றில் தொடங்கியது. 2009-இல் உற்பத்தி நின்றுவிட்டது. இன்று சாலையில் இருக்கும் எஸ்2000 கார்களில் பல இரண்டு மூன்று கை மாறி, லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியவை. அப்படிப்பட்ட காரை வைத்திருப்பவர் கேட்கும் முதல் கேள்வி: வால்வு உடைந்து எஞ்சின் போகாமல் இருக்க என்ன செய்வது?

பதிலாக மூன்று யோசனைகள் சொல்லப்படுகின்றன. நல்ல ஆயில் ஊற்றினால் போதும் என்பது ஒன்று. ஸ்பிரிங், ரீட்டெய்னர் எல்லாவற்றையும் பந்தயத் தரத்தில் மாற்றிவிட வேண்டும் என்பது இன்னொன்று. திறந்து பார்த்து, அளந்து, தேவையானதை மட்டும் மாற்ற வேண்டும் என்பது மூன்றாவது. ஒவ்வொன்றையும் இரண்டு கேள்விகளால் எடைபோடலாம். அது எந்தப் பழுதைத் தடுக்கிறது? தடுக்கும்போது வேறு பழுதுக்கு வழி செய்கிறதா?

முதலில் பழுது எப்படி வருகிறது என்று பார்ப்போம். எஞ்சின் 9,000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் ஒரு நொடிக்கு 75 முறை திறந்து மூடுகிறது. அதை ராக்கர் என்ற நெம்பு வழியாகத் திறப்பது கேம், மூட வைப்பது ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் விசையை வால்வுத் தண்டுக்குக் கொண்டுசேர்ப்பது ரீட்டெய்னர் என்ற சிறு வளையம். அந்த வளையத்தைத் தண்டோடு பிடித்து வைப்பவை இரண்டு அரைவட்ட வால்வு லாக்குகள். இந்தப் பிடி விட்டுப்போனால் வால்வு சிலிண்டருக்குள் விழும். பிஸ்டன் அதன்மீது மோதும். பிறகு ஹெட், பிஸ்டன், சிலிண்டர் என எதுவும் மிஞ்சாது.

இந்தப் பிடியை விடச்செய்வது பெரும்பாலும் கிலோமீட்டர் அல்ல, ஓட்டுபவரின் கை. மூன்றாவது கியரில் 9,000 சுற்றைத் தொட்டாயிற்று. லீவரை நேரே பின்னால் இழுத்தால் நான்காவது கியர். அவசரத்தில் கை சற்று இடப்பக்கம் சாய்ந்தால் இரண்டாவது. எஸ்2000-இன் இரண்டாம் கியர் விகிதம் 2.045, மூன்றாம் கியர் விகிதம் 1.481. கணக்குப் போட்டால் எஞ்சின் ஏறக்குறைய 12,400 சுற்றுக்குத் தள்ளப்படும். பெட்ரோலை நிறுத்தும் மின்னணுக் காப்பு இங்கே உதவாது, ஏனெனில் அப்போது எஞ்சினைச் சுற்றுவது பெட்ரோல் அல்ல, சக்கரங்கள். வால்வின் நிலைம விசை சுற்றுவேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், அது 9,000 சுற்றில் இருந்ததைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. ஸ்பிரிங்கால் வால்வை கேமின் வழியே கொண்டுசெல்ல முடியாது. வால்வு தடதடவென்று அடிபடும், ரீட்டெய்னரில் விரிசல் விழும். கார் அன்றைக்கு நன்றாகவே வீடு வந்து சேரலாம். விரிசல் மெல்ல வளர்ந்து, மாதங்கள் கழித்து அமைதியான நெடுஞ்சாலையில் வால்வு விழலாம். அதனால்தான் கைமாறிய காரின் முன்கதை இத்தனை முக்கியம்.

இரண்டாவது பழுது சத்தமே இல்லாமல் வருவது. காலப்போக்கில் எக்ஸாஸ்ட் வால்வு தன் இருக்கையில் தேய்ந்து உட்காரும். அதனால் தண்டு மேலேறி டேப்பட் இடைவெளி குறையும். இடைவெளி அற்றுப்போனால் வால்வு முழுதாக மூடாது. மூடாத வால்வு இருக்கைவழி வெப்பத்தை இறக்க முடியாமல் விளிம்பில் எரியும். டேப்பட் சத்தம் கேட்டால்தான் பழுது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சத்தமிடுவது தளர்ந்த டேப்பட். இறுகிய டேப்பட் ஓசையின்றி வால்வைக் கருக்கும்.

இனி யோசனைகளை எடைபோடுவோம். நல்ல ஆயில், சரியான அளவு: இதில் சமரசமே கூடாது. இந்த எஞ்சின் ஏறத்தாழ 4.8 லிட்டர் ஆயில் கொள்ளும். உயர்சுற்றில் ஓட்டினால் ஆயிலைக் குடிக்கும் என்பதும் தெரிந்ததே. டிப்ஸ்டிக்கைப் பார்க்காமல் ஓட்டக் கூடாது. ஆனால் ஆயில் கேமையும் ராக்கரையும் தேயாமல் காக்குமே தவிர, விரிசல் விட்ட ரீட்டெய்னரை ஒட்டவைக்காது. இது தேவையானது, போதுமானது அல்ல.

பந்தய ஸ்பிரிங், டைட்டானியம் ரீட்டெய்னர்: பந்தயக் கேமும் அடிக்கடி பிரித்துப் பார்க்கும் பழக்கமும் இருந்தால் இவற்றுக்கு நியாயம் உண்டு. கம்பெனி கேமோடு தினமும் ஓடும் பழைய எஞ்சினுக்கு இவை பொருந்தாது. விறைப்பான ஸ்பிரிங் கேம், ராக்கர், இருக்கை மூன்றின்மீதும் கூடுதல் சுமையை ஏற்றும். டைட்டானியம் எடை குறைந்தது, ஆனால் எஃகைப்போல் உராய்வைத் தாங்காது. ஒரு பழுதைத் தடுக்கப் போய் வேறு தேய்மானங்களை விலைக்கு வாங்குவதாகும்.

திறந்து பார்ப்பது: எஞ்சின் முழுதும் ஆறியபின் வால்வு கவரைக் கழற்றி, ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். இன்டேக் 0.21 முதல் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.25 முதல் 0.29 மி.மீ. தகடு லேசான பிடிப்போடு நழுவினால் சரி. சிக்கினால் இறுகியிருக்கிறது. அப்போதே ரீட்டெய்னர்களையும் டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பதினாறு ரீட்டெய்னர்களிலும் லாக்குகள் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் லாக் உள்ளே அமிழ்ந்திருந்தால் அந்த ரீட்டெய்னர் விரிந்துவிட்டது. காரை இனி ஓட்டக் கூடாது. சந்தேகம் இருந்தால் லீக்-டவுன் சோதனை எந்தச் சிலிண்டரில் வால்வு கசிகிறது என்று காட்டிவிடும்.

இந்த முறைக்கும் ஒரு குறை உண்டு: கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசலை டார்ச் காட்டாது. அதனால்தான் முன்கதை தெரியாத காரில் ரீட்டெய்னர்களை மாற்றிவிடுவதே அறிவு. 2004-க்குப் பிந்தைய மாடலின் எஃகு ரீட்டெய்னர்களை அவற்றுக்குரிய லாக்குகளோடு சேர்த்துப் போடலாம். ஹெட்டைக் கழற்றாமலே, சிலிண்டருக்குள் காற்றழுத்தம் செலுத்தி வால்வைத் தாங்கிக்கொண்டு மாற்ற முடியும். ஒரு லாக் தவறி எஞ்சினுக்குள் விழுந்தாலும் பெரும் சேதம் என்பதால், இது கைதேர்ந்த மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை.

ஆகவே முடிவு இது. டேப்பட் அளவு முதலில், ரீட்டெய்னர் அடுத்து, ஆயில் எப்போதும். கம்பெனி கேம் இருக்கும்வரை பந்தய ஸ்பிரிங் வேண்டாம். பழைய எஸ்2000 வாங்கியவர்கள் சக்தி கூட்டும் சாமான்களுக்குப் பணம் போடுமுன், வால்வு கவரை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். மூன்றிலிருந்து நான்குக்குப் போகும்போது லீவரை இறுகப் பிடிக்காமல், நேராக இழுங்கள்.