மெய்நிகர் மேசையும் அண்ணன்மார் கதையும்

மெய்நிகர் மேசை என்பது வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்கள் இணையத்தில் கூடிப் பாத்திரமேற்பு விளையாட்டு ஆட உதவும் மென்பொருள். இவ்விளையாட்டில் ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பார்கள். பாத்திரம் என்ன செய்ய முயல்கிறது என்பதை ஆடுபவர் சொல்ல, அது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். வரைபடம், காய்கள், பகடை, பாத்திரக் குறிப்பேடு ஆகியவற்றை மென்பொருள் திரையில் தருகிறது. ஃபேண்டசி கிரவுண்ட்ஸ் (2004), ரோல்20 (2012), ஃபவுண்ட்ரி (2020), அவுல்பேர் ரோடியோ ஆகியவை இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை.

இவற்றை ஒப்பிடுபவர்கள் பொதுவாக விலையையும் வசதிகளையும் பட்டியலிடுகிறார்கள். எந்தக் கதையை ஆடப்போகிறோம் என்ற கேள்வி அப்பட்டியலில் இருப்பதில்லை. கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பகுதி மாணவர் குழு ஒன்று அண்ணன்மார் கதையை ஆட விரும்பினால் இம்மென்பொருள்கள் எந்த அளவுக்குத் துணை நிற்கும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கதையின் பின்புலம்

பொன்னர், சங்கர், அவர்களின் தங்கை தங்காள், துணைவன் சாம்புவன் ஆகியோரைப் பற்றிய அண்ணன்மார் கதை, கொங்கு நாட்டில் உடுக்கையடிப் பாட்டாக வழங்குவது. மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கேயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் இதை ஒலிப்பதிவு செய்தார். கவிஞர் சக்திக்கனல் பதிப்பித்த நூல்வடிவமும் உண்டு. மணப்பாறை அருகேயுள்ள வீரப்பூர் விழாவில் படுகளம் நிகழ்கிறது. வீரர்களாக வருபவர்கள் அருள் வந்து வீழ்வார்கள், பின்னர் எழுப்பப்படுவார்கள். ஒருவர் தம்மை மறந்து இன்னொருவராக ஆகும் பழக்கம் இம்மண்ணுக்குப் புதிதல்ல.

உடுக்கையடிப் பாட்டுக்கு வேண்டிய கருவிகள் மிகக் குறைவு. முதன்மைப் பாடகர், பின்பாட்டுக்காரர், ஓர் உடுக்கை. இவற்றைக் கொண்டே பல இரவுகள் கதை நடக்கும். கேட்பவர் மனத்தில்தான் களம் விரிகிறது.

கட்டமும் களமும்

மெய்நிகர் மேசையின் பிறப்பு வேறு. 1974இல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பொம்மை வீரர்களை வைத்து ஆடும் போர் விளையாட்டிலிருந்து வளர்ந்தது. அந்த மரபு மென்பொருளிலும் தங்கிவிட்டது. ரோல்20இல் புதிய பக்கம் திறந்தால் வழக்கமாகக் கட்டமிட்ட களம் வரும். ஒரு கட்டம் 5 அடி. கட்டத்தை நீக்கிக்கொள்ளலாம். ஆனால் திரையில் கட்டம் இருக்கும்வரை ஆடுபவர் ‘நான் என்ன சொல்வேன்?’ என்று எண்ணுவதைவிட ‘எத்தனை கட்டம் நகரலாம்?’ என்றே எண்ணுவார். கொம்பன் பன்றி வேட்டைக்கு இது பொருந்தும். பங்காளிகளால் நிலமிழந்த குன்றுடையார் திரும்பி வந்து நிற்கும் காட்சிக்குக் கட்டத்தால் ஒரு பயனும் இல்லை.

காயின் மேலே காட்டப்படும் உயிர்ப்பட்டையும் இத்தகையதே. பெக் பதிவுசெய்த வடிவில் அண்ணன்மாரைப் பகைவர் வெல்வதில்லை. விதித்த காலம் முடிந்ததை உணர்ந்து தம் வாளிலேயே விழுகிறார்கள். பட்டை குறைந்து குறைந்து பூச்சியத்தைத் தொடும் சாவு அல்ல இது.

தங்காளின் பார்வை

ஃபவுண்ட்ரியும் ரோல்20உம் தரும் பெருமைக்குரிய வசதி, ஒளியும் பார்வையும். சுவருக்குப் பின்னால் இருப்பது காய்க்குத் தெரியாது. விளக்கு எட்டும் தொலைவுதான் புலப்படும். பாழடைந்த கோட்டைக்குள் நுழையும் கதையில் இது அருமையாக வேலை செய்கிறது.

ஆனால் தங்காள் களத்தில் இல்லாமலே காண்பவள். அண்ணன்மாருக்கு வரப்போவதைக் கனவில் முன்னறிபவள். பார்வையைக் காயின் கண்ணோடு பிணைத்த மென்பொருளில், அவளாக ஆடுபவருக்குப் போர்க்களக் காட்சி முழுவதும் இருட்டு. கதையில் அதிகம் அறிந்தவள் திரையில் ஒன்றும் அறியாதவள் ஆகிறாள். இதற்கு மாற்று அதே மென்பொருள்களில் எளிய வடிவில் இருக்கிறது: ஒருவருக்கு மட்டும் அனுப்பும் மறைசெய்தியும், ஒருவருக்கு மட்டும் திறக்கும் குறிப்பேட்டுப் பக்கமும். கனவை அவளிடம் மட்டும் சொல்லி, அதை அண்ணன்மாரிடம் எப்படிச் சொல்வது என்பதை அவளிடமே விட்டுவிடலாம். விளம்பரங்களில் முன்னிறுத்தப்படாத இவ்வசதியே இக்கதைக்கு முதன்மையானது.

பகை என்னும் குறி

ஃபவுண்ட்ரியில் ஒவ்வொரு காய்க்கும் நட்பு, நடுநிலை, பகை என ஒரு குறி வைக்கலாம். ஓரத்து நிறம் அதற்கேற்ப மாறும். பூதங்களோடு போரிடும் கதையில் யாருக்கும் வலிக்காது. அண்ணன்மார் கதையிலோ எதிர்த்தரப்பில் நிற்பவர்கள் வேட்டுவர். அப்பெயரோடு இன்றும் கொங்கில் வாழும் மக்கள் உண்டு; அவர்களில் ஒருவர் அதே மேசையில் உட்கார்ந்திருக்கலாம். கதையும் ஒரு தரப்பின் நினைவாகவே வழங்கி வந்திருக்கிறது. மறுதரப்பு முழுவதையும் சிவப்பு வட்டத்துக்குள் அடைப்பது பழைய சாய்வை எந்திரத்தின் கையால் உறுதிப்படுத்துவதாகும்.

சாம்புவனின் நிலையும் எண்ணத்தக்கது. அவனைக் கதை நடத்துநர் நகர்த்தும் துணைக்காயாக வைத்தால் அவன் ஏவலாளாகவே எஞ்சுவான். ஓர் ஆட்டக்காரரிடம் முழுக் குறிப்பேட்டோடு ஒப்படைத்தால், ஆணையை ஏற்பதா மறுப்பதா என்னும் முடிவு அவனுடையதாகும். மென்பொருளில் இது ஓர் அனுமதிப் பெட்டியைச் சொடுக்கும் வேலை. கதையில் அது பெரிய மாற்றம்.

பகடை

தாயம், தாயக்கரம் என ஊருக்கு ஊர் பெயர் மாறும் ஆட்டத்தின் இரட்டைக் கட்டைகளை இங்கே பயன்படுத்தலாம். ஒவ்வொரு கட்டையிலும் 0, 1, 2, 3 என நான்கு முகங்கள். இரண்டிலும் வெறுமை விழுந்தால் 12. மென்பொருளில் இரண்டு நான்முகப் பகடைகளை உருட்டி, கூட்டுத்தொகையில் 2ஐக் கழித்தால் அதே விழுக்காடு கிடைக்கும். 0 வந்தால் 12 என்று கொள்ளவேண்டும். 16 வாய்ப்புகளில் தாயம் விழுவது 2, பன்னிரண்டு விழுவது 1, மூன்று விழுவது 4. நான்முகப் பகடை இவற்றில் அரிதான பொருளல்ல. ஆகவே பகடை வசதியை மட்டும் வைத்து ஒரு மென்பொருளைத் தேர்வதில் பொருளில்லை.

எதைத் தேர்வது

அவுல்பேர் ரோடியோ உலாவியில் திறப்பது. கைபேசியிலும் ஓரளவு செல்லும். பேசுவதற்கு வேறு செயலி வேண்டும். பாத்திரக் குறிப்பைத் தாளிலேயே எழுதிக்கொள்ளலாம். நான்கைந்து அமர்வுகளில் முடியும் ஆட்டத்துக்கு இதுவே போதும்.

ரோல்20ஐக் கட்டணமின்றித் தொடங்கலாம். மறைசெய்தியும் குறிப்பேடும் உள்ளேயே இருப்பதால் தங்காளின் கதைக்கு இது உதவும். சிறு திரையில் கையாள்வது கடினம்.

ஃபவுண்ட்ரிக்கு ஒருமுறை பணம் கட்டினால் போதும். கதை நடத்துநர் மட்டும் வாங்கினால் மற்றவர்கள் உலாவியில் சேரலாம். ஆனால் அது அவரது கணினியிலிருந்தோ வாடகை வழங்கியிலிருந்தோ இயங்கவேண்டும். பல வீட்டு இணைப்புகளுக்குத் தனிப் பொது முகவரி கிடைப்பதில்லை என்பதால் வெளியிலிருந்து நண்பர்கள் நுழைய முடியாமல் போகலாம். குழுவில் இதைச் சரிசெய்யத் தெரிந்தவர் இருந்தால், மாதக்கணக்கில் நீளும் ஆட்டத்துக்கு ஏற்றது.

எதைத் தேர்ந்தாலும் முதலில் ‘குன்றுடையார்’ என்று ஒரு காய்க்குப் பெயரிட்டுப் பார்க்கவேண்டும். கொம்பும் காலும் சிதையாமல் எல்லோர் திரையிலும் தெரிந்தால் அடுத்த வேலைக்குப் போகலாம்.

மதிப்பீடு

இம்மென்பொருள்கள் திறமையானவை, ஆனால் நடுநிலையானவை அல்ல. எது எளிதில் செய்யத்தக்கதோ அதையே குழு அதிகம் செய்யும். போரை எளிதாக்கும் மேசையில் எல்லாக் கதையும் போராகிவிடும். வசதிகளை ஒவ்வொன்றாக அணைத்து, கதை கேட்கும்போது மட்டும் ஒவ்வொன்றாகத் திறப்பதே தகுந்த முறை. மாணவர்கள் முதல் அமர்வைக் குரலும் பகடையும் மட்டும் கொண்டு ஆடிப் பார்க்கலாம். எது குறைகிறது என்பது அதற்குப் பின்தான் தெரியும். அந்தக் குறையை நிரப்பும் மென்பொருளே அக்குழுவுக்கு உரியது.