127-க்கும் 128-க்கும் நடுவே

ஜாவாவில் பெரிய எழுத்தில் தொடங்கும் இன்டிஜர் என்ற வகையில் இரண்டு வேரியபிள் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் 127 என்று போட்டு, == வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். 'சரி' என்று வரும். இப்போது 127-ஐ அழித்துவிட்டு இரண்டிலும் 128 போடுங்கள். 'தவறு' என்று வரும். அதே கோட், அதே கம்பைலர், அதே லேப்டாப். எண் ஒன்றே ஒன்று ஏறியதும் பதில் தலைகீழாகிவிட்டது! முதன்முதலில் இதை ஓட்டிப் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

காரணம் அதைவிட அழகு. இந்த வகையில் ஒவ்வொரு எண்ணும் ஓர் ஆப்ஜெக்ட். == என்பது மதிப்பைப் பார்ப்பதில்லை, இரண்டு பெயரும் ஒரே ஆப்ஜெக்டைத்தான் சுட்டுகின்றனவா என்று பார்க்கிறது. -128 முதல் 127 வரையுள்ள எண்கள் புரோகிராம்களில் ஓயாமல் வந்துகொண்டே இருப்பதால், ஜாவா அவற்றை முன்கூட்டியே செய்து வைத்துக்கொண்டு கேட்கிறவர்களுக்கெல்லாம் அதே ஒன்றைக் கொடுக்கிறது. 128 அந்த வரிசைக்கு வெளியே இருக்கிறது. வழக்கமான அமைப்பில் அதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்று பிறக்கிறது. மெமரியை மிச்சப்படுத்த யாரோ எடுத்த ஒரு முடிவு, மொழியின் விதிப்புத்தகத்திலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது.

காப்பீட்டு பிரீமியம் கணக்கிடும் மென்பொருளில் ஆண்டுக்கணக்காக ஜாவா எழுதுகிறவள் நான். சம்பளம் தந்த அந்த வேலை இதை எனக்குக் காட்டவே இல்லை. காட்டியது ஒரு தேர்வு. ஆரக்கிள் நடத்தும் ஜாவா 17 டெவலப்பர் தேர்வு. 90 நிமிடம், 50 கேள்வி, தேற 68 சதவீதம். வீட்டிலிருந்தபடியே கேமரா கண்காணிப்பில் எழுதலாம். இதற்குப் படித்த மாதங்களைப் போல மூளை குதூகலித்த காலம் என் வாழ்க்கையில் வேறு இல்லை. பார்க்கிற எல்லோரிடமும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களிடமும் சொல்கிறேன்.

இந்தச் சர்டிஃபிகேஷன்களைப் பற்றி நம் ஆபீஸ்களில் ஓர் அலட்சியம் உண்டு. ரெஸ்யூமில் ஒரு வரி, லிங்க்டின்னில் ஒரு முத்திரை, அவ்வளவுதான் என்பார்கள். எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன், நான் படிப்பதைப் பார்த்துவிட்டு அக்கறையோடுதான் கேட்டான்.

"அக்கா, டம்ப் இருக்குக்கா. அனுப்பட்டுமா? ரெண்டு நாள்ல மனப்பாடம் பண்ணிட்டா முடிஞ்சுது."

"வேணாம்ப்பா. நீ இங்க உட்காரு, ஒண்ணு காட்டுறேன்."

127, 128 இரண்டையும் ஓட்டிக் காட்டினேன். சாப்பாட்டு நேரம் முழுவதும் என் நாற்காலியை விட்டு எழவில்லை அவன். 126 போட்டான், -129 போட்டான், எங்கெங்கே எல்லை என்று தேடிக்கொண்டே இருந்தான். அன்றிலிருந்து டம்ப் பேச்சே இல்லை. தினமும் மாலையில் டீ கிளாஸோடு வந்து, ஒரு துண்டுக் கோட் எழுதி, "அக்கா, அவுட்புட் என்ன?" என்று நீட்டுவான். நான் ஒன்று நீட்டுவேன். திருட்டுத்தனமாகச் சுற்றும் கேள்வித்தாளை மனப்பாடம் செய்கிறவர்கள் விதியை மீறுவது ஒருபுறம். இந்தச் சுகத்தை இழக்கிறார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்தத் தேர்வில் புரோகிராம் எழுதச் சொல்லமாட்டார்கள். எழுதிய புரோகிராமைப் படிக்கச் சொல்வார்கள். பத்துப் பதினைந்து வரி இருக்கும். என்ன அச்சாகும் என்று நான்கைந்து விடை இருக்கும். அவற்றுக்கிடையே 'கம்பைல் ஆகாது' என்றும் ஒரு விடை நிற்கும். அந்த ஒரு விடைதான் ஆளையே மாற்றுகிறது! கம்பைல் ஆகுமா ஆகாதா என்று எடிட்டரின் சிவப்புக் கோடு சொல்லித்தான் நமக்குப் பழக்கம். இங்கே அந்தக் கோடு கிடையாது. ஒவ்வொரு அரைப்புள்ளியையும் ஒவ்வொரு வகையையும் கம்பைலர் பார்க்கிறபடியே நாம் பார்த்தாக வேண்டும்.

பைட் என்ற வகையை எடுத்துக்கொள்வோம். எட்டு பிட், -128 முதல் 127 வரை கொள்ளும். அதில் 127 இருக்கிறது. அதோடு ஒன்றைக் கூட்டி அதிலேயே திரும்பப் போடு என்று கூட்டல் குறி வைத்து நீட்டி எழுதினால் கம்பைலர் மறுத்துவிடும். கூட்டும்போது பைட் தானாக இன்ட்டாக உயர்ந்துவிடுகிறது, பெரியதைச் சிறியதில் அடைக்க அனுமதி இல்லை. அதையே += 1 என்று சுருக்கி எழுதுங்கள், மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்ளும். அந்தச் சுருக்கக் குறிக்குள் ஒரு வகைமாற்றம் ஒளிந்திருக்கிறது என்பது விதி. விடை -128! அடுத்த நாள் காலை ஆபீஸ் கோடைத் திறந்து, += இருக்கும் வரிகளையெல்லாம் தேடித் தேடிப் பார்த்தேன். அத்தனை வரிகளும் புதிதாகத் தெரிந்தன.

ட்ரை பிளாக்கிலிருந்து ஒரு வேரியபிளைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஃபைனலிக்குள் அதே வேரியபிளை மாற்றினால் என்ன வரும்? பழைய மதிப்புதான் வரும். திருப்பி அனுப்ப வேண்டியதைக் கணக்கிட்டுத் தனியே வைத்துக்கொண்ட பிறகுதான் ஃபைனலி ஓடுகிறது. ஆனால் ஃபைனலிக்குள்ளேயே இன்னொரு ரிட்டர்ன் வைத்தால் முதல் ரிட்டர்ன் காணாமலே போகும். நானும் தம்பியும் இதை வைத்து ஒரு வாரம் விளையாடினோம்.

இதற்கெல்லாம் மூலம் ஒரே நூல், ஜாவா மொழியின் விதித்தொகுப்பு. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் பதிப்பில் ஜேம்ஸ் காஸ்லிங், பில் ஜாய், கை ஸ்டீல் மூவரின் பெயரும் இருக்கும். நன்னூலைப் போல விதி, அதன் கீழே விளக்கம், எடுத்துக்காட்டு என்று போகிற நூல். பள்ளியில் இலக்கணம் ரசித்துப் படித்தவர்கள் தயங்காமல் இதற்குள் போகலாம், மயங்கிவிடுவீர்கள். வழிகாட்டி நூல்களில் இன்று ஜீன் போயார்ஸ்கி, ஸ்காட் செலிகாஃப் இருவரும் எழுதியதுதான் என் மேசையில். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் காலத்தில் இந்தத் தேர்வுக்குப் படித்தவர்கள் கேத்தி சியரா, பெர்ட் பேட்ஸ் இருவரின் நூலை இன்றும் பாசத்தோடு சொல்வார்கள். எனக்கு அடித்தளம் போட்டதும் அவர்கள் எழுதிய 'ஹெட் ஃபர்ஸ்ட் ஜாவா' தான்.

பாடத்திட்டத்தில் எல்லாமே ஒரே சுவை என்று சொல்லமாட்டேன். டேட்டாபேஸ் இணைப்பு, கோப்பு படிப்பது, மாட்யூல் கட்டுவது எல்லாம் கருத்தாகப் படித்தால் போதும், மார்க் வந்துவிடும். என்னைக் கட்டிப்போட்டது தேதியும் நேரமும்.

அமெரிக்கக் கிளையன்ட்டோடு வேலை செய்கிற யாருக்கும் தெரியும், மார்ச் வந்தால் இரவு ஏழரை மணி கால் ஆறரைக்கு வந்துவிடும். அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள். தேர்வில் இது கேள்வி! 2022 மார்ச் 13, நியூயார்க், அதிகாலை 1:30. ஒரு மணி நேரம் கூட்டு. விடை 3:30. அன்றைக்கு அந்த ஊரில் 2:30 என்று ஒரு நேரமே கிடையாது. ஒரு நாளைக் கூட்டுவதும் 24 மணி நேரத்தைக் கூட்டுவதும் அந்த இரவில் வெவ்வேறு விடை தரும். ஸ்டீபன் கோல்போர்ன் முன்னின்று வடிவமைத்து 2014-ல் ஜாவா 8-உடன் வந்த இந்த நேரத் தொகுப்பு இத்தனையையும் தாங்கி நிற்கிறது.

அதில் விளையாடிக்கொண்டிருக்கும்போதுதான் அந்தப் புதையல் கிடைத்தது. நம் நாட்டுக்குரிய நேர வலயம் ஆசியா/கொல்கத்தா. கிரீன்விச்சிலிருந்து எவ்வளவு தள்ளி என்று கேட்டால் +5:30 என்று சொல்லும். ஓர் ஆசையில் 1900-ஆம் ஆண்டின் தேதியைக் கொடுத்துக் கேட்டேன். வந்த பதில் +5:21:10. ஐந்து மணி, இருபத்தொரு நிமிடம், பத்து வினாடி.

அது மதராஸ் நேரம்! நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் அமைத்த வானாய்வுக் கூடத்தின் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிட்ட நேரம். 1906-ல் இந்திய நேரம் நடைமுறைக்கு வரும்வரை நாட்டின் ரயில்கள் அதைப் பார்த்துத்தான் ஓடின. ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கி, தன்னார்வலர்கள் இன்றுவரை பராமரித்துவரும் நேர வலயத் தரவுத் தொகுப்பில் அது பதிவாகியிருக்கிறது. ஜாவா அந்தத் தொகுப்பைத் தன்னோடு சேர்த்தே தருகிறது. 1944-ன் தேதியைக் கேட்டுப் பாருங்கள், +6:30 வரும். போர்க்காலத்தில் இந்தியாவும் கடிகாரத்தை முன்னே தள்ளியிருந்தது. உலகம் முழுக்கத் தினமும் இயங்கும் எத்தனையோ சர்வர்களுக்குள் நுங்கம்பாக்கத்தின் பத்து வினாடி பத்திரமாக இருக்கிறது என்று நினைக்க நினைக்க எனக்குப் பெருமை தாளவில்லை. அன்று இரவே அப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "வினாடி வரைக்குமா வச்சிருக்காங்க?" என்று இரண்டு முறை கேட்டார்.

தமிழிலேயே இன்னும் இருக்கிறது. ஜாவாவில் வேரியபிளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம். 'வயது' என்று வைத்து 30 கொடுங்கள், கம்பைல் ஆகும். அவரவர் தாய்மொழியில் பெயரிட வசதியாகத்தான் யுனிகோட் எழுத்துகளை அனுமதிக்கிறோம் என்று விதித்தொகுப்பே சொல்கிறது. 'தமிழ்' என்ற ஸ்ட்ரிங்கின் நீளம் கேட்டால் 5 என்று வரும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. தலைகீழாகத் திருப்பச் சொன்னால் புள்ளி முதலில் வந்து அந்தரத்தில் நிற்கும், இகரம் மகரத்தை விட்டு ழகரத்தைப் பிடித்துக்கொண்டு 'ழி' ஆகிவிடும். ஸ்ட்ரிங் பாடத்தை ஆங்கில உதாரணங்களோடு நிறுத்திக்கொள்கிறவர்களுக்கு இந்தக் காட்சி கிடைக்காது. மகுடம் எது தெரியுமா? ஸ்ட்ரிங்கை எண்ணாக மாற்றும் கட்டளைக்கு ௧௨௭ என்று தமிழ் எண்களைக் கொடுங்கள். 127 என்று கையில் தரும்! பத்துக்குரிய பழைய குறியான ௰ கொடுத்தால் மட்டும் எக்ஸெப்ஷன் எறியும். அது இலக்கம் அல்ல, தனி எண் குறி என்ற வேறுபாடு வரை யுனிகோட் அட்டவணையிலிருந்து தெரிந்து வைத்திருக்கிறது.

இவ்வளவையும் உடனுக்குடன் ஓட்டிப் பார்க்க ஜேஷெல் இருக்கிறது. 2017-ல் ஜாவா 9-உடன் வந்தது. கிளாஸ், மெயின் எதுவும் வேண்டாம், ஒரு வரி தட்டினால் பதில். ஆனால் ஒன்று: தட்டுவதற்கு முன் விடையை நோட்டில் எழுதுங்கள். எழுதிவிட்டுத் தட்டுங்கள். எழுதியதும் வந்ததும் வேறாக இருந்தால் அன்றைய பாடம் கிடைத்துவிட்டது, விதித்தொகுப்பில் அந்தப் பிரிவைத் தேடிப் போங்கள். நூறு மாக் டெஸ்ட் எழுதுவதைவிட இப்படிப் பத்துக் கேள்வியின் அடிவரை போவது மேல் என்பது என் கட்சி. மாக் டெஸ்ட் வேண்டாம் என்று அர்த்தமில்லை, 90 நிமிடத்தில் 50 கேள்விக்குக் கை பழக அது கட்டாயம் வேண்டும். கடைசிச் சில வாரங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஸ்ட்ரீம்களைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஒரு பட்டியலை ஸ்ட்ரீமாக்கி, வடிகட்டி, மாற்றி, ஒவ்வொன்றையும் அச்சடிக்கவும் சொல்லி நீளமாக எழுதியிருப்பார்கள். அவுட்புட் என்ன? ஒன்றுமே வராது. முடிவுச் செயல் ஒன்று கடைசியில் இல்லாததால் நடுவில் உள்ள எதுவும் ஓடத் தொடங்கவே இல்லை. முடிவைச் சேர்த்தால் இன்னொரு வியப்பு: எல்லாவற்றையும் வடிகட்டிவிட்டு அடுத்த கட்டம் போகாது. முதல் உறுப்பு கடைசிவரை போய் முடிந்த பிறகே இரண்டாவது கிளம்பும். முதலில் கிடைப்பது போதும் என்று கேட்டிருந்தால் மீதியைத் தொடவே தொடாது. எங்கள் பிரீமியம் கணக்கில் ஆயிரக்கணக்கான பாலிசிகளைச் சுற்றிவரும் ஒரு பழைய லூப்பை இந்த வெளிச்சத்தில் திரும்ப எழுதினேன். படித்தவர்கள் எல்லோருக்கும் பார்த்தவுடன் புரிந்தது, அந்தச் சந்தோஷத்துக்கு மார்க் எதுவும் ஈடில்லை.

தேர்வில் தேறிவிட்டேன். தம்பி அடுத்த மாதம் எழுதுகிறான். ஜாவா 21-க்கும் தேர்வு வந்திருக்கிறது. 17-ல் படித்த சீல்டு கிளாஸ்கள் அங்கே ஸ்விட்சோடு கைகோக்கின்றன: இந்த வகைக்கு இவ்வளவுதான் பிள்ளைகள் என்று சொல்லி வைத்துவிட்டால், ஸ்விட்சில் ஒன்றை விட்டாலும் கம்பைலரே நிறுத்திக் கேட்கும். ஆயிரக்கணக்கில் திறந்தாலும் பாரமில்லாத வெர்ச்சுவல் திரெட்கள் வேறு இருக்கின்றன. அந்தப் பாடத்திட்டத்தை இறக்கி வைத்துவிட்டேன், நோட்டும் புதிது வாங்கியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பக்கம்.