யார் எடுத்துக் கொடுத்தது?

"படம் நன்றாக இருக்கிறதம்மா. யார் எடுத்துக் கொடுத்தது?"

கேட்டவர் படித்தவர், பண்பாளர், குறும்படப் போட்டியொன்றுக்கு நடுவராக வந்தவர். கேட்கப்பட்டவள் என் தங்கை. எட்டு நிமிடம் ஓடும் அந்தப் படத்தின் கதை அவளுடையது; காட்சி அவளுடையது; வெட்டியது, ஒட்டியது, ஒலி சேர்த்தது எல்லாம் அவள். நடுவரின் கண்கள் அவளைத் தாண்டி அருகில் நின்ற என்மீது விழுந்தன. "அண்ணனோ?" என்றார். நான் சிரித்தேன்.

ஆமென்று சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. சிரித்தேன்! மேடையேறினால் 'பெண் ஏன் அடிமையானாள்?' என்று முழங்குகிறவன். பள்ளியில் பிள்ளைகளுக்குச் சமத்துவம் கற்பிக்கிறவன். அந்த ஒரு நொடியில் தங்கையின் உழைப்பைச் சிரிப்பால் விழுங்கிவிட்டேன். வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் பேசவில்லை. வாசற்படியில் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்: "ஏன் அண்ணா சிரித்தாய்?"

அந்தக் கேள்விக்கு விடை தேடும் முயற்சிதான் இக்கட்டுரை.

காரைக்காலில் ஒரு கனவு

அவள் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதுகிறாள். காலை ஒன்பது மணிக்குப் போனால் இரவு எட்டு மணிக்குத் திரும்புவாள். அதற்குப் பிறகுதான் அவளுடைய உண்மையான நாள் தொடங்கும். அடுப்படி வேலை முடிந்து, அம்மா உறங்கிய பின், கீறல் விழுந்த செல்பேசித் திரையில் காட்சிகளை ஒவ்வொன்றாக வெட்டுவாள், அடுக்குவாள், கலைப்பாள், மீண்டும் அடுக்குவாள்.

படம் பார்ப்பதிலும் அவளுக்கு ஒரு முறை உண்டு. கையில் குறிப்பேடு இல்லாமல் கொட்டகைக்குள் நுழைய மாட்டாள். கதாநாயகன் வரும்போது முதலில் காலைக் காட்டுகிறார்கள், பிறகு கையை, அதன் பிறகே முகத்தை; அவன் வருகை ஒரு படையெடுப்பு. கதாநாயகி வரும்போது இடையைக் காட்டுகிறார்கள்; அவள் வருகை ஒரு விருந்து. இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று, ஓர் ஆணைப் பற்றியல்லாமல் வேறெதையேனும் பேசிக்கொண்ட காட்சி உண்டா என்று தேடுவாள். சில படங்களுக்கு அந்தப் பக்கம் வெற்றுத்தாளாகவே நிற்கும்.

இரவுக் காட்சிக்கு அவள் போனதில்லை. போகக்கூடாது என்று எங்கள் வீட்டில் எவரும் சட்டம் போடவில்லை. போகலாம் என்றும் எவரும் சொல்லவில்லை. நான் போவேன். நள்ளிரவில் திரும்புவேன். அம்மா கதவைத் திறந்து சோறு போடுவாள். படம் எப்படி என்று தங்கை கேட்பாள். பார்த்தவன் நான், பார்க்கத் தெரிந்தவள் அவள்!

அவள் எடுத்த படம் மீன் விற்கும் பெண்களைப் பற்றியது. துறைமுகத்தில் விடியுமுன் ஏலம் கூவும் ஓசையில் தொடங்கும். தலையில் கூடையோடு பேருந்துக்குக் காத்து நிற்கும் ஒரு மூதாட்டியின் கையில் முடியும். படப்பிடிப்புக்கு நான் 'துணை'யாகப் போனேன். நான் செய்த பணியெல்லாம் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்ததுதான். அந்தத் தேநீருக்குத்தான் நடுவர் எனக்கு டைரக்டர் பட்டம் சூட்டினார்!

மாங்கனியும் பாட்டும்

எங்கள் ஊருக்குப் புகழ் தந்த பெண்ணின் கதையை நாடறியும். புனிதவதி என்னும் வணிகன் மனைவி, மாங்கனி, அஞ்சி ஓடிய கணவன், வேறு ஊரில் அவனுக்கு வேறொரு மனைவி. ஆனித் திங்களில் மாங்கனித் திருவிழா நடக்கிறது, மாங்கனிகள் வீசப்படுகின்றன, கூட்டம் பிடிக்கிறது.

புராணத்தின் அற்புதங்கள் நமக்கு வேண்டாம். ஆனால் புராணம் தன்னை அறியாமலே சமுதாயத்தைக் காட்டிக் கொடுக்கிறது. அந்த அம்மையார் பாடல் பாடியவர். அற்புதத் திருவந்தாதி அவருடையது. தமிழில் பெயர் நிலைத்த பெண் புலவர்களில் ஒருவர். அவர் வீட்டைவிட்டு வெளியேறித் தன் வழியே நடக்க என்ன விலை கொடுத்தாராம்? இளமையை உதறினார், அழகை உதறினார், பேயுருவைக் கேட்டு வாங்கினார் என்கிறது கதை. பெண்ணாக இருந்தவரை அவருக்கு அடுப்பங்கரை. பேயான பிறகுதான் பாதை!

உடலோடும் இளமையோடும் ஒரு பெண் தெருவில் இறங்கிக் கலைத்தொழில் செய்வதை அந்தக் கதையைச் சொன்னவர்களால் எண்ணிப்பார்க்கவும் இயலவில்லை. இன்று கேமராவைத் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போகும் பெண்ணிடம் 'துணைக்கு யார்?' என்று கேட்கிறோமே, அந்தக் கேள்விக்கு வயது நூற்றாண்டுகள் பல. ஊர் மாங்கனியை நினைவில் வைத்தது, பாட்டை மறந்தது. கனியைப் பிடிக்கும் கைகளில் எத்தனை கை அந்தாதியைப் புரட்டியிருக்கும்?

1936: இரண்டு பெண்கள்

பெண் படம் எடுப்பது புதுமையா? அன்று. எங்கள் காவிரிப் படுகையே அதற்குச் சான்று. திருவையாற்றில் 1911-இல் பிறந்தவர் டி. பி. ராஜலக்ஷ்மி. பிள்ளைப் பருவத்திலேயே மணம் செய்துவைக்கப்பட்டு, அந்த மணவாழ்வு முறிந்து, நாடக மேடையில் பிழைப்புத் தேடியவர். 1931 அக்டோபர் 31-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' அவரைக் கதாநாயகியாகக் கொண்டது. ஐந்தே ஆண்டுகளில், 1936-இல், தாம் எழுதிய 'கமலவல்லி' என்னும் நாவலைத் தாமே படமாக்கினார். 'மிஸ் கமலா' என்பது படத்தின் பெயர். கதை அவர், தயாரிப்பு அவர், இயக்கம் அவர், நடிப்பும் அவர்!

அதே 1936-இல்தான் மயிலாடுதுறைப் பக்கத்து மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்னும் நாவலை வெளியிட்டார். தாம் பிறந்து வளர்ந்த சூழலின் கொடுமையைத் தம் கையால் எழுதிக் கிழித்தார். தேவதாசி முறையை ஒழிக்கும் போரில் அதை வாளாக ஏந்தினார். ஒரே ஆண்டு, ஒரே ஆற்றுப் படுகை, தம் கதையைத் தாமே சொல்ல எழுந்த இரண்டு பெண்கள்.

முடிவு மட்டும் வேறு. அம்மையாரின் நூல் மறுபதிப்புக் கண்டது. இன்றும் வாங்கிப் படிக்கலாம். காரணம், அதைத் தம் உடைமையாகக் கருதிக் காப்பாற்ற ஓர் இயக்கம் இருந்தது. 'மிஸ் கமலா'வின் படச்சுருளோ இன்று நமக்குக் கிட்டவில்லை. அந்நாளைய படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது. எளிதில் தீப்பற்றும், பேணாவிட்டால் மட்கிப் பொடியாகும். ஆனால் பழியை வேதிப்பொருள்மீது மட்டும் போட்டுவிடலாமா? ராஜலக்ஷ்மிக்கு நாடு சூட்டிய பட்டம் 'சினிமா ராணி'. அரசிக்கு முடி உண்டு, அலங்காரம் உண்டு. 'ஆசிரியர்' என்று அழைத்திருந்தால் அவருடைய படைப்பைக் காக்கும் கடமை நமக்கு வந்திருக்கும். அரசி என்று அழைத்ததால் உருவத்தைப் போற்றினோம், படைப்பைப் போகவிட்டோம். 1964-இல் அவர் மறைந்தார்.

பின்னர் வந்தவர்கள் கதையும் ஏறத்தாழ இதுவே. பி. பானுமதி 1953-இல் 'சண்டிராணி'யைத் தமிழ், தெலுங்கு, இந்தி என மூன்று மொழிகளில் இயக்கினார். சாவித்திரி 1969-இல் 'குழந்தை உள்ளம்', 1971-இல் 'பிராப்தம்' எனத் தமிழில் படங்களை இயக்கினார். அவர் வாழ்வைச் சொன்ன 'நடிகையர் திலகம்' 2018-இல் வந்தபோது கொட்டகையே கண்ணீர் வடித்தது. கண்ணீர் வடித்தவர்களில் எத்தனை பேர் அவர் இயக்கிய படமொன்றைத் தேடிப் பார்த்தார்கள்? நடிகை வீழ்ந்தால் அழுவோம்; இயக்குநர் எழுந்ததை எண்ணமாட்டோம்!

நம் வீட்டுக் கண்ணாடி

பிறரைக் குறை கூறுமுன் நம்மையும் பார்ப்போம், தோழர்களே! நம் இயக்கத்தார் திரையைக் கையிலெடுத்தபோது நாடு அதிர்ந்தது. 1949-இல் 'வேலைக்காரி', 1952-இல் 'பராசக்தி'. அந்த உரையாடல்களை மனப்பாடம் செய்து வளர்ந்த தலைமுறைகள் உண்டு. நானும் அவர்களுள் ஒருவன். ஆனால் தங்கை ஒருநாள் கேட்டாள்: "கல்யாணிக்குத்தானே அண்ணா கொடுமையெல்லாம் நடந்தது? நீதிமன்றத்தில் நாம் மனப்பாடம் செய்த பேச்சு மட்டும் ஏன் குணசேகரனுடையது?"

விடை சொல்ல இயலவில்லை. விதவையானவள் அவள், பூசாரியின் பிடியில் சிக்க இருந்தவள் அவள், பசியால் பிள்ளையை ஆற்றில் எறியத் துணிந்தவள் அவள். துன்பம் அவளுக்கு; சொல் அவனுக்கு. 'மனோகரா'வில் கண்ணாம்பாவின் முழக்கம் இதற்கு விதிவிலக்கு. ஆனால் அதுவும் ஒரு தாயின் முழக்கம், மகனை நோக்கி எழுந்தது. நம் படங்கள் பெண்ணுக்காகப் பேசின; பெண்ணைப் பேசவிடுவது அடுத்த படி. அந்தப் படியில் நாம் நெடுநாள் நின்றுவிட்டோம் என்று சொன்னால் இயக்கம் சிறுமைப்படாது. இளைஞர் கண் திறக்கும்.

இன்றைய படங்கள்

இன்று பெண்கள் எடுக்கும் படங்களை, 'பெண் எடுத்தது' என்பதற்காகவே தலையில் வைத்து ஆடவேண்டுமா? வேண்டாம். சலுகை மதிப்பெண்ணும் ஒருவகை அவமதிப்பே.

சுதா கொங்கராவின் 'இறுதிச்சுற்று' 2016-இல் வந்தது. மீன் விற்கும் மதி என்னும் பெண் குத்துச்சண்டைக் களத்தில் ஏறுகிறாள். அவள் சினம், அவள் நாக்கு, அவள் நடை எல்லாம் கடற்கரைக்குரியவை. தங்கைக்கு அந்தப் படம் உயிர். ஆயினும் அவள் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறாள்: 'வெற்றி மதியுடையது, தியாகம் மட்டும் ஆசானுடையது.' சரியான கணிப்பு. களத்தில் அடிபட்டவள் அவளாக இருந்தும், நம் நெஞ்சு நெகிழ்வது பயிற்சியாளனுக்காக.

ஹலிதா ஷமீமின் 'சில்லுக்கருப்பட்டி' 2019-இல் வந்தது. நான்கு கதைகளில் 'ஹே அம்மு' என்னும் கதையில் மணமாகி ஆண்டுகள் கடந்த ஒரு மனைவி. அடிக்கும் கணவன் இல்லை, கொடுமைக்கார மாமியார் இல்லை. வில்லனே இல்லாத வீட்டில் அவள் வாடுகிறாள். அவள் பேச்சைக் கேட்க ஒரு கருவி வாய்க்கிறது. கணவனுக்குக் காது பிறகுதான் முளைக்கிறது. சோர்வையே நாடகமாக்கிய துணிவு அது. அந்தச் சோர்வைக் கணவனின் மனமாற்றத்தால் விரைவில் தீர்த்துவிட்டது அதன் குறை.

பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்' 2024-இல் கேன் விழாவில் கிராண்ட் ப்ரீ பரிசு பெற்றது. மும்பையில் வாழும் மலையாளச் செவிலியர்களின் கதை. வெளிநாடு போன கணவனிடமிருந்து பிரபாவுக்குப் பேச்சில்லை. ஒருநாள் ஒரு சோறாக்கும் மின்கலம் மட்டும் வருகிறது. அந்தக் கலத்தை அவள் கட்டிக்கொண்டு அமரும் காட்சியில், பக்கத்திலிருந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிரான்சுக்கும் வளைகுடாவுக்கும் ஆடவரை அனுப்பிவிட்டு, வரும் பெட்டியைத் திறந்து பார்த்து வாழும் வீடுகள் காரைக்காலில் எத்தனை! எங்கள் தெருவின் கதையை எங்கோ பிறந்த ஒருத்தி எடுத்துவிட்டாள். எங்கள் தெருப்பெண் எடுக்க எது தடை?

கடற்கரைகள் இரண்டு

திறமை தடையா? 1896-இல் பாரிசில் ஒரு கேமரா நிறுவனத்தின் செயலாளராக இருந்த ஆலிஸ் கீ கதைப்படம் இயக்கியபோது, காரைக்காலில் பறந்ததும் பிரெஞ்சுக் கொடிதான். 1954 நவம்பர் 1-இல் அந்த ஆட்சி காரைக்காலை விட்டு அகன்றது. அதே 1954-இல் பிரான்சின் தென்கரையில் செத் என்னும் ஊரின் மீனவர் குடியிருப்பில், ஆக்னஸ் வர்தா என்னும் 26 வயதுப் பெண் தம் முதற்படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். திரைப்படப் பள்ளியில் படித்தவரல்லர், நிழற்படக்காரர். மீனவரையே நடிக்க வைத்தார். உழைத்தவர்களுக்குப் பங்கு என்னும் கூட்டுறவு முறையில் படத்தை முடித்தார். 'லா புவாந்த் கூர்த்' என்னும் அந்தப் படம் பிரெஞ்சுப் புதிய அலைக்கு முன்னோடி என்று இன்று போற்றப்படுகிறது. அங்கும் கடல், இங்கும் கடல். அங்கும் வலை, இங்கும் வலை. வேறுபாடு கடலில் இல்லை, கரையில் இருக்கிறது!

கரையைச் செப்பனிட அரசுக்கும் வழி உண்டு. கேரள அரசு பெண் இயக்குநர்களின் படத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. திரையுலகில் பெண்கள் படும் பாட்டை ஆராய 2017-இல் நீதிபதி ஹேமா குழுவை அமைத்ததும் அதே அரசு. 2019 இறுதியில் தரப்பட்ட அறிக்கை 2024 ஆகஸ்டில்தான், சில பகுதிகள் நீக்கப்பட்டு, வெளிவந்தது. படப்பிடிப்பில் கழிப்பறை இல்லை, உடைமாற்ற மறைவிடம் இல்லை என்னும் அளவுக்கு அதில் அவலம் இருந்தது. புதுவை அரசு சிறந்த படத்துக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரால் விருது வழங்கி வருகிறது, நன்று. முடிந்த படத்துக்கு மாலை சூட்டுவதோடு, தொடங்காத படத்துக்கு முதல் கொடுக்கவும் முன்வரட்டும்.

ஆனால் அரசு வரும்வரை வீடு காத்திருக்க வேண்டுமா? பகுத்தறிவு பேசும் இளைஞனே, உன்னைத்தான் கேட்கிறேன். என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். உன் தங்கை இரவுக் காட்சிக்குப் போயிருக்கிறாளா? அவள் வெளியே இருக்கும் இரவில், அவளுக்காகக் கதவைத் திறந்து சோறு போட நீ விழித்திருப்பாயா? அவள் உழைப்புக்கு உன் பெயரை எவரேனும் சூட்டினால், மறுத்துச் சொல்ல உனக்கு நாக்கு உண்டா?

மறுநாள் காலை நடுவரைத் தேடிப் போனேன். "ஐயா, படத்தை எடுத்தவள் என் தங்கை. நான் தேநீர் குடித்தேன்" என்றேன். அவர் முகம் சிவந்தது, என் முகமும்தான். வீட்டுக்கு வந்து சொன்னேன். தங்கை குறிப்பேட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

"அதை நேற்றே சொல்லியிருக்கலாம் அண்ணா" என்றாள்.