சங்கப் பாடல்களில் கள்ளும் தேறலும்

சூரியநெல்லியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நடைபெற்ற இலக்கியக் கூட்டத்தில் புறநானூற்றின் 235ஆம் பாடலை விளக்கும் பணி நமக்கு வாய்த்தது. அதியமான் நெடுமான் அஞ்சி மறைந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல் அது. அதன் தொடக்கத்திலேயே கள் வருகின்றது. அப்பகுதியைப் பொருள் கூறியதும் அவையில் சிரிப்பொலி எழுந்தது. "ஔவைப் பாட்டியே குடித்திருக்கிறார், நாங்கள் குடித்தால் மட்டும் குற்றமா?" என்று இளைஞர் ஒருவர் கேட்டார். பெரியவர் ஒருவர் சினத்தோடு எழுந்து, "அங்கே கள் என்றால் தேன் என்றுதான் பொருள், நம் முன்னோரை இழிவுபடுத்த வேண்டா" என்றார்.

இவ்விரு கருத்துகளும் நம்மிடையே நெடுநாளாக வழங்கி வருபவை. ஒரு சாரார் சங்க இலக்கியத்தைத் தம் குடிக்குச் சான்றாக அழைக்கின்றனர். மற்றொரு சாரார் அதனை மூடி மறைக்க முயல்கின்றனர். இரு சாராரும் பாடலை முழுதும் படித்தவர் அல்லர் என்பதே நம் எண்ணம். பத்துப்பாட்டை 1889ஆம் ஆண்டிலும் புறநானூற்றை 1894ஆம் ஆண்டிலும் உ. வே. சாமிநாதையர் அச்சிட்டு அளித்தபோது அப்பாடல்களில் எதனையும் மறைத்தாரல்லர். நாமும் மறைக்க வேண்டியதில்லை. சங்கச் சான்றோர் எத்தகைய குடிவகைகளை அறிந்திருந்தனர், அவற்றில் எதனைச் சிறந்ததெனக் கொண்டனர் என்பதை ஈண்டுக் காண்போம்.

சொல்லே காட்டும் சுவை

கள், தேறல், நறவு, மட்டு, அரியல், பிழி, தோப்பி, மது எனச் சங்கத் தமிழில் இப்பொருளைக் குறிக்கும் சொற்கள் பல. இவை அனைத்தையும் ஒரு பொருட் பன்மொழியாகக் கருதிவிடுதல் எளிது. ஆயினும் அது முழுதும் பொருந்தாது. தேறல் என்பது தெளிந்தது. அரியல் என்பது வடித்தெடுத்தது. பிழி என்பது பிழிந்தெடுத்தது. தோப்பி என்பது நெல்லிலிருந்து வீட்டிலேயே சமைத்தது. செய்முறை வேறாகப் பெயரும் வேறாகின்றது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து மகளிர் மட்டினை விலக்கி மதுவை விரும்பியதாக ஒரு குறிப்பு வருகின்றது. இன்னது வேண்டும், இன்னது வேண்டா என்னும் தேர்வு அக்காலத்திலேயே இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நிலத்திற்கு நிலம் சுவை மாறுவதையும் காண்கின்றோம். பட்டினப்பாலையின் பரதவர் முழுமதி நாளில் கடலுக்குச் செல்லாது, சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, தாழை மலர் சூடிப் பனங்கள்ளைப் பருகுகின்றனர். சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்து நுளைமகள் வடித்துத் தந்த பழந்தேறலுக்குச் சுட்ட குழல்மீன் துணையாகின்றது. குன்றுகளிலோ தேனால் ஆகிய தேறலை மூங்கிற் குழாயில் அடைத்து முதிர வைக்கின்றனர். திருமுருகாற்றுப்படையிலும், பெருங்கௌசிகனார் நன்னனைப் பாடிய மலைபடுகடாத்திலும் இம்மூங்கில் தேறல் பேசப்படுகின்றது. கூட்டத்தில் பேசிய பெரியவர் கருதிய தேன் இதுவாக இருக்கலாம். தேனிலிருந்து பிறந்ததாயினும் அது புளித்து முதிர்ந்த குடியே. மேலைநாட்டார் மரப்பீப்பாய்களில் மதுவை முதிர வைப்பதைப் பெருமையாகப் பேசக் கேட்கிறோம். நம் மலைக்குடிகள் அதே வேலைக்கு மூங்கிலைப் பயன்படுத்தினர்.

இவ்விடத்து ஒரு நயத்தைச் சுட்டுதல் தகும். மலைபடுகடாம் பாடிய புலவர் தேறலைச் சொன்னதோடு நில்லாமல், மறுநாள் விடியலில் தலையைவிட்டு நீங்காத மயக்கத்தையும் சொல்கின்றார். அதற்கு மருந்தாகப் புளியும் மோரும் கூட்டி, மூங்கில் நெல்லைச் சோறாக்கிக் குறமகள் இடுகின்றாள். இரவின் மகிழ்ச்சியைப் பாடிவிட்டுக் காலையின் களைப்பை மறைக்காத இந்த நேர்மை பாராட்டத்தக்கது.

நெல்லில் ஆகிய குடி

இன்று பீர் என்று வழங்கும் குடி, முளைவிட்ட தானியத்தைக் கொண்டு புளிக்க வைப்பது. அதற்கு நெருங்கிய முறையொன்றைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் விளக்கியுள்ளார். குற்றாத அரிசியைக் கூழாகக் காய்ச்சி, அகன்ற தட்டில் ஆற்றி, முளைநெல்லை இடித்த மாவைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்திருந்து, வலிய வாயுடைய சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கும் முறை அது. அந்த முளைமாவின் தோற்றத்திற்குப் புற்றாஞ்சோற்றை உவமையாக்குகின்றார். அடுப்படியை அருகிருந்து கண்டவரே இவ்வாறு எழுத முடியும். "இனியது, நறியது" என்று அடுக்காமல், ஒரு வேலையின் படிகளைச் சொல்லியே அதன் சுவையை நாவிற்கு உணர்த்துவது சங்கப் புலவர் கையாளும் வழி. இது வலைஞர் குடியில் வரும் பாணனுக்குச் சுட்ட மீனோடு கிடைக்கும் விருந்து.

கடுமையைச் சொல்வதிலும் அவர்கள் வல்லவர்கள். பல நாள் முதிர்ந்த தேறலின் வேகத்திற்குத் தேள் கொட்டிய கடுப்பை ஔவையார் புறநானூற்றின் 392ஆம் பாடலில் உவமை கூறுகின்றார். சினந்த பாம்பை உவமையாக்குகின்றது சிறுபாணாற்றுப்படை. இரண்டும் புகழ்ச்சியாகவே வருகின்றன. ஆயினும் இரண்டும் நஞ்சுடைய உயிர்கள் என்பதை மறத்தல் ஆகாது. சுவைத்தவர் தம் நாவினால் உணர்ந்த உண்மை உவமையில் ஒளிந்து நிற்கின்றது.

கடல் கடந்து வந்த தேறல்

அயல்நாட்டு மதுவின் மீது நமக்குள்ள மோகம் புதியதன்று. பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் பாடிய புறநானூற்றின் 56ஆம் பாடலில், யவனர் கலங்களில் கொண்டுவந்த தேறலை மகளிர் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தர அரசன் பருகுமாறு வாழ்த்துகின்றார். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய செங்கடற் பயணநூல், முசிறித் துறையில் இறங்கும் பண்டங்களுள் மதுவையும் சேர்த்து, அளவு மிகுதியில்லை என்றும் குறிக்கின்றது. 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டிலும், 2007 முதல் அகழ்வு நடைபெற்ற எறணாகுளம் மாவட்டத்துப் பட்டணத்திலும் மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்துள்ளன. சூரியநெல்லிக்கு அருகில் ஆனையிறங்கல் அணையில் தேங்கும் நீர் பன்னியாற்றின் வழியே சென்று பெரியாற்றில் சேர்கின்றது. அந்தப் பெரியாற்றின் கழிமுகத்தில்தான் யவனரின் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு மீண்டதாக அகநானூற்றின் 149ஆம் பாடல் கூறுகின்றது.

நக்கீரனார் பாடலில் நாம் உற்று நோக்க வேண்டியது அதன் வரிசை. இரப்பவர்க்கு அரிய கலங்களைக் குறையாது கொடுத்தலை முன்வைத்துவிட்டே தேறலைப் பருகும் இன்பத்தைப் புலவர் வாழ்த்துகின்றார். கொடை முந்தியது; குடி பிந்தியது. இவ்வரிசையே நம் கட்டுரைக்கு அச்சாணி.

சிறிய கள்ளும் பெரிய கள்ளும்

இனி ஔவையாரின் 235ஆம் பாடலுக்கு வருவோம். முதலில் ஒரு தெளிவு: அதியமானைப் பாடிய ஔவையார் வேறு, ஆத்திசூடி பாடிய ஔவையார் காலத்தால் மிகப் பிற்பட்டவர். ஆகவே "ஔவைப் பாட்டி குடித்தார்" என்னும் கேலிக்கு அடிப்படையே இல்லை. எனினும் சங்க ஔவையார் கள்ளுண்டார் என்பதை அவரே கூறுகின்றார். அதை மறுப்பதும் வீண்.

அவர் சொல்வது யாது? கள் சிறிதளவே கிடைத்தால் அதியமான் அதனை எங்களுக்கே கொடுத்துவிடுவான். மிகுதியாகக் கிடைத்தால் நாங்கள் உண்டு பாட, எஞ்சியதைத் தான் மகிழ்ந்து உண்பான். கள்ளைப் பற்றிய செய்தி இவ்வளவே. அது இனித்ததா, கடுத்ததா என்று ஒரு சொல்லும் இல்லை. இறந்துபோன நண்பனை நினைக்கையில் ஔவையாருக்கு முதலில் தோன்றுவது கள்ளை அவன் பங்கிட்ட முறையே. அளவு குறையும்போது மனிதனின் இயல்பு வெளிப்படும் என்னும் வாழ்க்கை உண்மையை, அறவுரையின் வாடை சிறிதுமின்றிக் கூறிவிட்டார். இப்பாடலின் உயர்வு இதிலே இருக்கிறது.

இவ்வாறு நாம் விளக்கி முடித்தபோது, கடைசி வரிசையில் அமர்ந்திருந்த கொழுந்து கிள்ளும் தாயொருவர் எழுந்தார். எழுத்தறியாதவர். அவர் கூறியதை அவர் மொழியிலேயே தருகின்றோம்: "ஐயா, அந்த ராசா கொஞ்சமா இருந்தா தான் குடிக்காம மத்தவுகளுக்குக் குடுத்துருக்காரு. எங்க லயத்துல கொஞ்சமா இருந்தாலும் அவரு வாயிக்குத்தான், நெறைய இருந்தாலும் அவரு வாயிக்குத்தான். சம்பளத்தன்னைக்கு அரிசிக்காசும் அதுலயே போயிரும். இதுல அந்தப் பாட்டை எதுக்குய்யா இழுக்குறாக?" அவையில் சிரிப்பு அடங்கிவிட்டது. முதலில் கேள்வி கேட்ட இளைஞர் தலை கவிழ்ந்தார்.

நாற்பது பக்க உரையும் தர முடியாத தெளிவை அந்தத் தாய் நான்கு வரியில் தந்துவிட்டார். இலக்கியத் திறனாய்வு என்பது பட்டம் பெற்றவர்களின் தனியுடைமை அன்று என்பதை அன்று உணர்ந்தோம்.

அவர் காட்டிய ஒளியில் மேலே கண்ட பாடல்களை மீண்டும் நோக்கினால் ஒரு பொதுமை புலப்படும். குன்றத்துக் கானவர் தம் சுற்றத்தோடு மகிழ்ந்து குரவை ஆடுகின்றனர். பரதவர் ஊரோடு விழாக் கொள்கின்றனர். வலைஞரும் நுளையரும் வழிவந்த பாணனுக்கு அளிக்கின்றனர். தொல்காப்பியர் வெட்சித் திணையின் துறைகளை எண்ணும்போது உண்டாட்டையும் கொடையையும் அடுத்தடுத்தே வைத்துள்ளார். இப்பாடல்களில் இல்லாத ஒருவன், வீட்டின் உலையை அணைத்துவிட்டுத் தனியே குடிப்பவன்.

எனினும் சங்க வாழ்வு குற்றமற்றது என்று கூற வரவில்லை. பெரும்பாணாற்றுப்படையிலேயே பகைவர் நாட்டிலிருந்து கவர்ந்த ஆநிரையைக் கள்ளுக்கு விலையாகக் கொடுத்துத் தீர்க்கும் மறவரைக் காண்கின்றோம். எவருடைய வீட்டுப் பசுவோ அது! அந்த வீட்டாரின் குரல் பாடலில் இல்லை. கொடையைப் பாடிய புலவர்களின் பார்வைக்கும் ஓர் எல்லை உண்டு.

வள்ளுவர் கேட்ட குரல்

அந்த எல்லைக்கு அப்பால் நின்றவர் திருவள்ளுவர். கள்ளுண்ணாமை என்னும் 93ஆம் அதிகாரத்தில் அவர் கள்ளின் சுவையைப் பற்றி எதுவும் பேசவில்லை. குடிப்பவனைச் சுற்றியிருப்போரின் முகங்களையே காட்டுகின்றார். பகைவர் அஞ்சமாட்டார், சான்றோர் மதிக்கமாட்டார், ஊரார் நகைப்பர், நாணம் என்னும் நல்லாள் முதுகு காட்டிப் போவாள். எல்லாப் பிழையையும் பொறுக்கும் பெற்ற தாய்க்கே அவன் களிப்பு துன்பமாகும். இறுதிக் குறளில், தான் குடிக்காத வேளையில் குடித்தவன் ஒருவனைக் கண்டும் தன் நிலையை எண்ண மாட்டானோ என்று வினவி நிறுத்துகின்றார். ஆயினும் இந்தப் பத்துக் குறளிலும் மனைவி வரவில்லை. அந்த இடத்தை நிரப்பவே சூரியநெல்லித் தாய் எழுந்து பேசினார் போலும்.

மணிமேகலையில் சாதுவன் நாகர் தலைவனுக்குக் கள்ளையும் கொலையையும் விலக்குமாறு உரைக்கின்றான். அறநூல்களும் காப்பியமும் இவ்வாறு ஒரு திசையில் சென்றதைச் சங்கப் பாடலுக்கு முரண் என்று சிலர் கருதுவர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. பங்கிடும் கை மறைந்து குடிக்கும் வாய் மட்டும் எஞ்சியபோது எழுந்த எதிர்க்குரலே அது.

இன்று

நாம் வாழும் எல்லைப்புறத்தில் சட்டம் குடியின் வகையைப் பார்க்கின்றது. கேரளத்தில் 1996 ஏப்ரல் முதல் சாராயம் தடை செய்யப்பட்டது. கள் கடைகளில் விற்கப்படுகின்றது. மலைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை; பிற மதுவகைகளை அரசு நிறுவனமே விற்கின்றது. 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. எது நல்ல குடி, எது தீய குடி என்னும் வாதம் இனியும் தொடரும். ஔவையார் நமக்கு வேறோர் அளவுகோலைத் தருகின்றார்: கையில் உள்ளது சிறிதாயின் அது யாருக்குப் போகின்றது?

இம்மலரைப் படிக்கும் குடும்பங்களில் சங்கப் பாடல்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் பெற்றோர், கள் வரும் இடத்தைத் தாண்டிச் செல்ல வேண்டா. மூங்கில் தேறலையும் முளைநெல் சாடியையும் அச்சமின்றிச் சொல்லுங்கள். பின்னர்ச் சிறிய கள்ளைப் பிறர்க்கு ஈந்த அதியமானின் கையையும் சொல்லுங்கள். கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்த இளைஞர், கலையும்போது அந்தத் தாயின் கூடையைச் சுமந்துகொண்டு லயம் வரை உடன் சென்றார். அவர் குடியை விட்டாரா என்பதை நாம் கேட்கவில்லை. பாடலின் பொருள் அவருக்கு விளங்கிவிட்டது என்பதை மட்டும் கண்டோம்.