பரஞ்சோதி முதல் விக்கோனியா வரை: துணைப் பாத்திரங்களின் சமயப் பின்கதை

வரலாற்று நாவல்களிலும் கற்பனைப் பாத்திர ஏற்பு விளையாட்டுகளிலும் நாயகனுடன் சேர்ந்து பயணம் செய்பவர் துணைப் பாத்திரம் எனப்படுவார். அவர் எந்தத் தெய்வத்தை வணங்கினார், எதை விட்டு விலகினார், ஏன் விலகினார் என்பவை அவருடைய சமயப் பின்கதை. ஒரே பாத்திரம் வெவ்வேறு ஆக்கங்களில் இடம்பெறும்போது இந்தப் பின்கதை முன்னுக்குப் பின் முரணாகிவிடுவது உண்டு. தமிழில் இதை ஆராய ஏற்ற பாத்திரம் பரஞ்சோதி என்னும் சிறுத்தொண்டர். பால்டர்ஸ் கேட் விளையாட்டுத் தொடரின் விக்கோனியாவுடன் ஒப்பிட்டால் முரணின் தன்மை தெளிவாகும்.

பெரியபுராணத்தில் சிறுத்தொண்டர்

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தின்படி, பரஞ்சோதியார் திருச்செங்காட்டங்குடியில் மாமாத்திரர் குலத்தில் பிறந்தவர். மருத்துவ நூலும் வடமொழிக் கலைகளும் படைக்கலப் பயிற்சியும் கற்றவர். இளமை முதலே சிவனடியார்களுக்குத் தொண்டு செய்பவர். அரசனுக்காகப் படை நடத்தி வாதாபியை அழித்தவரும் இவரே. அவர் அடியார் என்பதை அரசன் பிறகுதான் அறிகிறான். அடியவரைப் போருக்கு அனுப்பியதற்கு வருந்தி, பொருள் கொடுத்து விடைதருகிறான். சேக்கிழார் அரசனின் பெயரைச் சொல்லவில்லை. 642இல் வாதாபியை வென்றவன் முதலாம் நரசிம்மவர்மன் என்பதால் ஆய்வாளர்கள் அவனையே இந்த அரசனாகக் கொள்கின்றனர்.

இதன் பின்னரே பிள்ளைக்கறி நிகழ்ச்சி வருகிறது. பைரவ வேடத்தில் வந்த இறைவன் கேட்டதற்காகச் சிறுத்தொண்டரும் மனைவி திருவெண்காட்டு நங்கையும் ஒரே மகன் சீராளனை அறுத்துச் சமைக்கின்றனர். இறுதியில் மகன் உயிருடன் ஓடிவருகிறான். இக்கதை இன்றைய வாசகரை அதிரவைக்கலாம். ஆனால் பாத்திர அமைப்பில் முரண் இல்லை. போருக்கு முன்பும், போரிலும், அதன் பின்பும் அவர் ஒரே மனிதர். தாம் ஏற்ற தலைவர் கேட்டதை மறுக்காமல் செய்து முடிப்பவர்.

கல்கியின் பரஞ்சோதி

கல்கியின் 'சிவகாமியின் சபதம்' 1944 முதல் 1946 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. மாமல்லபுரக் கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யுடன் இருந்த வேளையில் இந்த நாவலுக்கான எண்ணம் தோன்றியதாகக் கல்கி குறிப்பிட்டுள்ளார். நாவலின் முதல் பாகத்துக்கே 'பரஞ்சோதி யாத்திரை' என்று பெயர். நாவுக்கரசரின் மடத்தில் கல்வி கற்பதற்காகக் காஞ்சிக்கு வரும் இளைஞன், மதயானை மீது வேலெறிந்து சிவகாமியையும் ஆயனரையும் காக்கிறான். பின்னர் பல்லவ சேனாதிபதியாகவும் மாமல்லரின் உற்ற நண்பனாகவும் உயர்கிறான்.

இந்தப் பரஞ்சோதியும் சைவக் குடும்பத்தில் பிறந்தவரே. ஆனால் காரணகாரியம் இடம் மாறிவிடுகிறது. சேக்கிழாரின் பாத்திரம் தொண்டராக இருந்துகொண்டே போருக்குப் போகிறது. கல்கியின் பாத்திரம் போரின் அழிவைக் கண்டு மனம் வெறுத்துத் தொண்டை நாடுகிறது. ஒரு வீரன் ஏன் துறவு மனம் கொள்கிறான் என்ற கேள்விக்கு நவீன வாசகர் எதிர்பார்க்கும் விடையைக் கல்கி தந்துவிட்டார். அது நாவலுக்கு வலுச் சேர்க்கிறது.

அதற்கு ஒரு விலையும் உண்டு. பிறர் சிந்தும் இரத்தத்தைக் கண்டு கலங்கிய மனிதர் தம் மகன் கழுத்தில் எப்படிக் கத்தி வைப்பார்? நாவல் பிள்ளைக்கறிப் பகுதியைக் கதையாக்காமல் முடிந்துவிடுகிறது. எனவே இந்தக் கேள்வியை அது சந்திப்பதில்லை. இரண்டு நூல்களையும் அறிந்த வாசகரிடமே கேள்வி எஞ்சுகிறது.

விக்கோனியா

பயோவேர் நிறுவனத்தின் பால்டர்ஸ் கேட் 1998இலும் அதன் இரண்டாம் ஆட்டம் 2000இலும் வெளிவந்தன. இரண்டிலும் விக்கோனியா துணைப் பாத்திரம். ட்ரோ இனத்தைச் சேர்ந்த அவள், சிலந்தித் தெய்வமான லோல்த்துக்கு ஒரு குழந்தையைப் பலியிட மறுத்தவள். அதனால் குடும்பத்தை இழந்து தப்பியோடி, இருளின் தெய்வமான ஷாரை வணங்கத் தொடங்கினாள். கொடுமைக்காரி என்றாலும் அவளுடைய வாழ்வின் திருப்புமுனை ஒரு குழந்தையைக் கொல்ல மறுத்த கணம்தான்.

லாரியன் ஸ்டுடியோஸ் 2023இல் வெளியிட்ட மூன்றாம் ஆட்டத்தில் அவள் ஷார் வழிபாட்டுக் குழுவின் தலைவி. ஷேடோஹார்ட் என்னும் சிறுமி பெற்றோரிடமிருந்து பறிக்கப்பட்டு, நினைவு அழிக்கப்பட்டு, அவளுடைய பிடியில் வளர்கிறாள். குழந்தைக்காகத் தெய்வத்தையே விட்டவள், இன்னொரு தெய்வத்துக்காகக் குழந்தையை வதைப்பவளாக எப்படி ஆனாள் என்பதை ஆட்டம் விளக்குவதில்லை.

இதற்கு ஒரு சமாதானம் சொல்லப்படலாம். இவ்வகை விளையாட்டில் ஆடுபவரின் தேர்வுக்கேற்ப முடிவு மாறும். அடுத்த ஆட்டம் ஏதேனும் ஒரு முடிவையே எடுத்துக்கொள்ள முடியும். அவளை மனம் திருந்தவைத்த முடிவைப் புறக்கணித்ததற்கு இது பொருந்தும். பலியை மறுத்த நிகழ்ச்சிக்குப் பொருந்தாது. அது ஆடுபவர் அவளைச் சந்திக்கும் முன்பே நடந்து முடிந்தது. எந்தத் தேர்வாலும் அது மாறுவதில்லை.

மதிப்பீடு

ஒரு பாத்திரம் சமயம் மாறுவதோ நம்பிக்கையின் காரணம் மாறுவதோ குறையன்று. பழைய நம்பிக்கையை ஆக்கம் மறந்துவிடுவதே குறை. இந்த அளவுகோலில் கல்கி பெரும்பாலும் தேறுகிறார். அவருடைய பரஞ்சோதி ஏன் மாறினார் என்பது நாவலுக்குள்ளேயே இருக்கிறது. அவர் செய்தது விடுபடல். மூன்றாம் ஆட்டம் செய்தது மறதி.

இரண்டிலும் துணைப் பாத்திரத்தின் நம்பிக்கை இன்னொருவர் கதைக்காக வளைக்கப்படுகிறது. மாமல்லரின் வெற்றிக்கு ஒரு மனச்சாட்சி தேவைப்பட்டது; அது பரஞ்சோதி ஆனது. ஷேடோஹார்ட்டின் துயரத்துக்கு ஒரு கொடியவள் தேவைப்பட்டாள். அவள் விக்கோனியா ஆனாள்.

மாணவர்களுக்கு இதில் நடைமுறைப் பயன் உண்டு. போரை வெறுத்துத் தொண்டரானவர் என்ற சித்திரம் நாவலுக்கு உரியது. அதைப் பெரியபுராணத்தின் மேல் ஏற்றிப் படித்தால், சேக்கிழார் முன்வைக்கும் கடினமான மனிதர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுவார்.